செக்‌ஷன் 8 வாடகை வவுச்சர்: விண்ணப்பம் முதல் குடியேறிய பிறகு வரை

நியூ ஜெர்சியில் ஒரு வீட்டுவசதி அலுவலகத்தில் வவுச்சர் கோப்புகளைப் பார்ப்பது என் வேலை. தமிழ்க் குடும்பம் யார் வந்தாலும் என் மேசைக்குத்தான் அனுப்புவார்கள். வருகிறவர்களில் பலர், அரசு ஒரு வீட்டை ஒதுக்கித் தரும் என்று நினைத்து வருகிறார்கள். இந்தத் திட்டத்தில் வீட்டை நீங்கள்தான் தேட வேண்டும். வாடகையில் ஒரு பங்கை அரசு வீட்டுக்காரருக்கு நேரடியாகக் கட்டும். பணமும் அடிப்படை விதிகளும் அமெரிக்க மத்திய அரசின் வீட்டுவசதி, நகர மேம்பாட்டுத் துறையிலிருந்து (சுருக்கமாக ஹட்) வருகின்றன. 1937ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தில் 1974இல் சேர்த்த எட்டாம் பிரிவுதான் இதன் வேர். நடத்துவது உள்ளூர் வீட்டுவசதி ஆணையம். முன்னுரிமை யாருக்கு, வீடு தேடும் கெடுவை எவ்வளவு நீட்டலாம், விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம் என்பதையெல்லாம் ஒவ்வொரு ஆணையமும் தன் நிர்வாகத் திட்டத்தில் எழுதி வைத்திருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பக்கத்து ஊரில் இருக்கும் நண்பர் சொன்ன விதி உங்கள் ஊரில் வேறாக இருக்கலாம்.

முதலில் தகுதி. குடும்ப வருமானம் பொதுவாக அந்தப் பகுதியின் நடு வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் இதற்கு மேலும் பாதி கீழும் இருக்கும் தொகை) பாதிக்குள் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேரும் குடும்பங்களில் 75 சதவீதம் அதைவிடவும் ஏழைகளாக இருக்க வேண்டும் என்பதும் விதி. எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு இந்த உதவி கிடையாது. குடியுரிமை பெற்றவர்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், அகதிகள், புகலிடம் பெற்றவர்களுக்கு உண்டு. வீட்டில் சிலர் தகுதியுள்ளவர்கள், சிலர் இல்லை என்றால், உதவி அந்த விகிதத்தில் குறையும். நான்கு பேரில் இரண்டு பேருக்குத் தகுதி இருந்தால் தோராயமாகப் பாதி உதவி.

தகுதி இருந்தாலும் உடனே கிடைக்காது. தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குத்தான் அமெரிக்காவில் வாடகை உதவி எட்டுகிறது. காத்திருப்புப் பட்டியல் பல ஊர்களில் சில நாட்களுக்கு மட்டும் திறந்து மூடிவிடும். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் ஏமாற்று வேலை. உங்கள் ஊர்ப் பட்டியலோடு நிற்காமல் பக்கத்து கவுண்டிகளின் (மாவட்டம் மாதிரி) பட்டியல்களிலும் பெயர் கொடுங்கள். வேறு ஊர்க்காரர்கள் முதல் 12 மாதம் வவுச்சர் தரும் ஆணையத்தின் எல்லைக்குள்தான் குடியிருக்க வேண்டும் என்று அது கேட்கலாம். அதற்குப் பிறகு வவுச்சரை வேறு ஊருக்கு எடுத்துச் செல்லலாம்.

காத்திருக்கும் காலத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: முகவரி மாறினால் எழுத்தில் தெரிவிப்பது. வருடக்கணக்கில் காத்திருந்துவிட்டு, பழைய முகவரிக்குப் போன கடிதம் திரும்பி வந்ததால் பெயர் நீக்கப்பட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். என்னால் தாங்க முடியாத கோப்புகள் அவைதான்.

பெயர் மேலே வந்ததும் நேர்காணல். சமூகப் பாதுகாப்பு எண், பிறப்புச் சான்று, சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். வரி பிடிப்பதற்கு முந்தைய வருமானத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அண்ணன் மாதாமாதம் அனுப்பும் பணமும் வருமானம்தான். ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் மனை, வங்கி வைப்பு எல்லாம் சொத்துப் பட்டியலில் வர வேண்டும். மறைக்காதீர்கள். அலுவலகம் உங்கள் சம்பளத்தை அரசுப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பல அலுவலகங்களில் தொலைபேசி வழியாகவாவது ஏற்பாடு செய்வார்கள். பத்து வயதுப் பிள்ளையை உட்கார வைத்து அப்பாவின் கடன் கணக்கைச் சொல்ல வைக்காதீர்கள். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே எனக்கு மனசு வராது.

இனி கணக்கு. வீடு தேடக் கிளம்பும் முன் இதைப் புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். மாத வருமானம் 2,600 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 31,200. ஒரு பிள்ளைக்கு 480 டாலர் கழிவு என்று எடுத்துக்கொள்வோம் (இந்தத் தொகை இப்போது விலைவாசிக்கேற்ப மாறும்). மீதி 30,240, மாதத்துக்கு 2,520. அதில் 30 சதவீதம், அதாவது 756 டாலர், உங்கள் பங்கு. அடுத்தது ஆணையத்தின் உச்சத் தொகை, அதாவது வாடகை, மின்சாரம், எரிவாயு எல்லாம் சேர்த்து உதவிக்கு ஆணையம் கணக்கில் எடுக்கும் அதிகபட்சம். ஹட் ஆண்டுதோறும் அறிவிக்கும் நியாய வாடகையில் 90 முதல் 110 சதவீதத்துக்குள் ஆணையம் இதை வைக்கும். இரண்டு படுக்கையறைக்கு அது 2,100 என்று கொள்வோம்.

வாடகை 1,850, மின்சாரம், எரிவாயுவுக்கு ஆணையம் போடும் மதிப்பு 150 என்றால் மொத்தம் 2,000. அரசு 1,244 கட்டும். நீங்கள் வீட்டுக்காரருக்கு 606, மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் 150. சரியாக 756. இப்போது வாடகை 2,250 கேட்கும் வீட்டைப் பாருங்கள். மொத்தம் 2,400. உச்சத் தொகையான 2,100இலிருந்து 756 போக, அரசு தருவது 1,344 மட்டும். உங்கள் தலையில் விழுவது 1,056. புதிதாகக் குடிபோகும்போது மொத்தச் செலவு உச்சத் தொகையைத் தாண்டினால், உங்கள் பங்கு கழிவு போன வருமானத்தில் 40 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அது இங்கே 1,008. ஆகவே அலுவலகம் மறுத்தே தீரும். ஆனால் வீட்டுக்காரர் 50 டாலர் இறங்கினால் உங்கள் பங்கு 1,006 ஆகிவிடும், வீடு கிடைக்கும். அதனால் கணக்கைக் காகிதத்தில் போட்டு வீட்டுக்காரரிடம் காட்டிப் பேசுங்கள். மாதா மாதம் அரசிடமிருந்து பணம் வரும் என்று தெரிந்தால் இறங்கி வருகிறவர்கள் உண்டு.

சிலர், "அந்த 50ஐக் கையில் தனியாகக் கொடுத்துவிடு, யாருக்குத் தெரியப் போகிறது" என்பார்கள். ஒப்பந்தத்துக்கு வெளியே ஒரு டாலர் கொடுப்பதும் வாங்குவதும் விதிமீறல். வவுச்சரே போய்விடும்.

வவுச்சர் கையில் வந்தால் வீடு தேடக் குறைந்தது 60 நாள் கிடைக்கும். பிடித்த வீட்டுக்கு வீட்டுக்காரரோடு சேர்ந்து குடியிருப்பு ஒப்புதல் கோரும் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். அலுவலகம் பதில் சொல்லும் வரை அந்த நாட்கள் கெடுவில் சேராது. கெடு நெருங்கினால் முடிவதற்கு முன்பே நீட்டிப்பு கேளுங்கள். முடிந்த பிறகு கேட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. நியூ ஜெர்சியில் வவுச்சர் என்பதற்காக மட்டும் வீடு மறுப்பது சட்டவிரோதம். முன்பணமும் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் வாங்க முடியாது. எல்லா மாநிலமும் இப்படி இல்லை. டெக்சாஸில் வவுச்சரை ஏற்பதா வேண்டாமா என்பது பெரும்பாலும் வீட்டுக்காரர் விருப்பம்.

நம் ஆட்கள் அதிகம் கேட்கும் கேள்வி, சொந்தக்காரர் வீட்டில் குடியிருக்கலாமா என்பது. பெற்றோர், பிள்ளை, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை, அக்கா தங்கை, அண்ணன் தம்பி ஆகியோரின் வீடு கூடாது. மாற்றுத்திறனாளிக்கு அந்த வீடுதான் வசதி என்றால் மட்டும் விலக்கு கேட்கலாம். சித்தப்பா, மாமா இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அவர்களும் அதே வீட்டில் குடியிருந்தால் பொதுவாக ஒப்புதல் கிடைக்காது.

அப்புறம் ஆணையம் செய்யும் வீட்டு ஆய்வு. ஆய்வாளர் வருவதற்கு முந்தைய நாள் நீங்களே ஒருமுறை சுற்றிப் பாருங்கள். புகை எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்தினால் சத்தம் வர வேண்டும். அடுப்பின் எல்லாப் பர்னரும் எரிய வேண்டும், வெந்நீர் வர வேண்டும், வெளிக்கதவு பூட்ட வேண்டும். 1978க்கு முன் கட்டிய வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கப் போகிறது என்றால், ஜன்னல் விளிம்பில் உரியும் பெயிண்டை விடவே கூடாது. அதில் ஈயம் இருக்கலாம். ஆய்வில் வீடு தேறி ஒப்புதல் கிடைக்கும் முன் சாமான்களை ஏற்றாதீர்கள்.

குடியேறிய பிறகு வேலை போனாலோ, சம்பளம் குறைந்தாலோ அன்றே எழுதிக் கொடுங்கள். தாமதித்தால் பழைய பங்கையே கட்ட நேரும். குழந்தை பிறந்தாலோ, தத்தெடுத்தாலோ, நீதிமன்றம் ஒரு குழந்தையை உங்கள் பொறுப்பில் விட்டாலோ தெரிவிக்க வேண்டும். வேறு யாரைச் சேர்ப்பதானாலும் முன் அனுமதி வேண்டும். தனியாக இருக்கும் முதியவர்கள் ஊருக்குப் போகும்போது கவனம்: வீட்டில் யாருமே இல்லாமல் தொடர்ந்து 180 நாளைத் தாண்டினால் உதவி நின்றுவிடும், காரணம் எதுவாக இருந்தாலும். சில ஆணையங்கள் இதைவிடக் குறைந்த நாட்களே தரும். டிக்கெட் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

உதவியை நிறுத்துவதாகக் கடிதம் வந்தால் பயந்து வீட்டைக் காலி செய்ய வேண்டாம். கடிதத்திலேயே விசாரணை கேட்பதற்கான கடைசித் தேதி இருக்கும். அதற்குள் எழுத்தில் கேட்டு, நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள். விசாரணைக்கு முன் உங்கள் கோப்பிலுள்ள தொடர்புடைய ஆவணங்களைப் பார்க்கும் உரிமை உண்டு. வழக்கறிஞரையோ உதவியாளரையோ அழைத்துச் செல்லலாம். முடிவை எடுத்தவரோ அவருக்குக் கீழே வேலை செய்பவரோ அந்த விசாரணையை நடத்தக்கூடாது. இலவச சட்ட உதவி மையத்துக்குக் கடிதம் வந்த அன்றே போன் செய்யுங்கள்.