முதல் பத்தியில் பனி வேண்டாம்

கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் ரைட்டராக இருந்தேன். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவன் இல்லை. காலையில் ஆள் பேர் போட்டு, சாயங்காலம் பழம் எடை போட்டுக் கணக்கு எழுதுகிறவன். நாற்பது வயதுக்கு மேல்தான் கதை எழுத ஆரம்பித்தேன். ஏழெட்டு அச்சில் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். ஆனாலும் ஊரில் பேர் விழுந்துவிட்டது. காலேஜ் போகிற பிள்ளைகள் நோட்டோடு வந்து நிற்கிறார்கள், "ரைட்டரய்யா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று.

வருகிற நோட்டில் முக்கால்வாசி பனியில்தான் ஆரம்பிக்கும். மலைமகள் வெண்போர்வை போர்த்தியிருப்பாள். மலையிலேயே கிடக்கிறவனுக்குப் பனி ஒரு சேதியா? கீழேயிருந்து வேனில் வருகிறவர்களுக்குத்தான் அது அதிசயம். நமக்குப் பனி என்றால் துணி காயாது, களத்தில் கொட்டின காப்பி காயாது, எதிரே காட்டு மாடு நிற்பது பத்தடிக்கு வந்தபிறகுதான் தெரியும். இதில் ஒன்றை எழுதுங்கள், பனி தானாக வந்துவிடும். எழுதி முடித்ததும் முதல் பத்தியை மறைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கதை அங்கேதான் தொடங்கியிருக்கும். என் முதல் கதையில் ஒன்றரைப் பக்கம் சூரியன் உதித்துக்கொண்டே இருந்தது.

அப்புறம், பொருளுக்கு உள்ள பேரைப் போடுங்கள். "அவள் ஒரு மரத்தடியில் நின்றாள்." என்ன மரம்? நம் தோட்டங்களில் நிழலுக்குச் சில்வர் ஓக் நிற்கும், பலா நிற்கும், கல்யாண முருங்கை நிற்கும், அதில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். பலா என்று எழுதினால் பழ வாசனை வரும், கூடவே யானை வருமோ என்கிற பயமும் வரும். மரம் என்று எழுதினால் ஒன்றும் வராது.

ஆள் பேர் போடுகிற செக்ரோல் நோட்டில் பேர், வேலை, அளவு என்று கட்டம் போட்டிருக்கும். யார் சோகமாக வந்தார்கள் என்று எழுத அதில் இடமில்லை. கதை எழுத அது நல்ல பழக்கம் என்று பின்னால்தான் புரிந்தது. ஒரு பையன் இப்படி எழுதிக்கொண்டு வந்தான்: "ஏழைத் தொழிலாளி ஒருத்தி துயரம் தோய்ந்த முகத்துடன் வேலைக்குச் சென்றாள்." அவன் அம்மாவே பழம் பறிக்கப் போகிறவர். "காலையில கிளம்பும்போது அம்மா என்னடா செய்வாங்க?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னான். சாக்கை இடுப்பில் கட்டுவார். அட்டை கடித்தால் போட ஒரு பொட்டலம் உப்பு எடுத்துக்கொள்வார். கைக்கடிகாரத்தைக் கழற்றி டிவி பக்கத்தில் வைப்பார், செடியில் மாட்டி வார் அறுந்துவிடும் என்று. அது அப்பா வாங்கிக் கொடுத்தது. அப்பா விட்டுவிட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது. "இதை எழுதுடா" என்றேன். "துயரம் தோய்ந்த முக"த்தை அவனே கோடு போட்டு அடித்துவிட்டான்.

பார்த்ததை அன்றைக்கே குறித்துவையுங்கள், போனில் பேசிப் பதிந்தாலும் சரி. நான் வத்தலக்குண்டு பஸ்ஸில் பெரும்பாறை தாண்டியதும் நோட்டை எடுப்பேன். வளைவில் கையெழுத்து கோணும், பரவாயில்லை. குறிக்காவிட்டால் தப்பு நுழையும். ஒரு கதையில் காப்பி பூத்துக் குலுங்குகிற அதே வாரத்தில் பழப் பறிப்பும் மும்முரமாக நடந்தது. மாசி பங்குனியில் ஒரு மழை விழுந்து, எட்டுப் பத்து நாள் கழித்துத்தான் பூக்கும்; மூன்று நாலு நாளில் வாடிவிடும். பழம் கார்த்திகை, மார்கழி, தை. தெரிந்தவன் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவான்.

முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியத்தை உடையுங்கள். பேச்சு பேச்சாக இருக்கட்டும். தோட்டத்து அக்கா "நான் செல்லவிருக்கிறேன்" என்று பேச வேண்டாம். ஒற்றுப் பிழைக்குப் பயந்து எழுதாமல் இருக்கிறவர்களும் உண்டு. ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதிப் பிழை குறையும்: ஐ, கு உருபுகள் வெளியே தெரிந்தால், அடுத்து வருகிற க, ச, த, ப மிகும். காப்பியைக் குடித்தான், காப்பிக்குக் காத்திருந்தான். ஐ உருபு மறைந்திருந்தால் மிகாது: காப்பி குடித்தான்.

அனுப்பும்போது, எந்தப் போனிலும் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடில் அடித்து அனுப்புங்கள். நான் பாமினி எழுத்துருவில் அடித்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். அங்கே திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தும் குறியுமாக இருந்திருக்கிறது. ஆறு மாதம் கழித்து, நானாகப் போன் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. ஒரு கதையை ஒரே சமயத்தில் ஒரு இடத்துக்கு மட்டும் அனுப்புங்கள். பணம் கட்டினால் புத்தகம் போடுகிறோம் என்று ஒருவர் சொன்னதை நம்பிப் பதினைந்தாயிரம் கொடுத்தேன். மூட்டையாக வந்த புத்தகங்கள் இன்னும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. மலையடிவாரத்து வத்தலக்குண்டில் வளர்ந்த எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' பத்திரிகை தொடங்கியவர். புத்தகங்களைத் தாமே சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றவர். அந்தத் தெம்பு இருந்தால் சொந்தமாகப் போடலாம். எனக்கு முழங்கால் வலி.

கைக்கடிகாரக் கதையைப் பையன் எழுதி முடித்துவிட்டான். அனுப்பத்தான் தயக்கம், அம்மா காதுக்குப் போய்விடுமோ என்று. ஊரையும் பேரையும் மாற்று, கடிகாரத்தை மாற்றாதே, அனுப்புவதற்கு முன்னால் அம்மாவுக்கே படித்துக் காட்டிவிடு என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை படித்துக் காட்டினானாம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாராம்.

"டிவி பக்கத்துல இல்லடா. அரிசி டப்பா மேல."