கண்மாய்க் கரையில் களைக்கொல்லி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயலில் மருந்து அடித்துப் பழகிய கையோடு கண்மாய்க்கும் மலையடிவாரத்துக்கும் போவதுதான் முதல் தவறு. வயலில் பயிரைத் தவிர மற்றதெல்லாம் களை. மதுரை அழகர்மலை அடிவாரத்தில் அப்படி இல்லை. ஒழிக்க வேண்டிய சீமைக் கருவேலமும் உண்ணிச்செடியும் நிற்கும் அதே இடத்தில்தான் ஆவாரையும் சூரையும் புல்லும் முளைத்திருக்கின்றன. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி போன்ற இடத்தில், பச்சை தெரிந்த பக்கமெல்லாம் தெளிப்பானைத் திருப்பினால் காப்பாற்ற நினைத்த செடிகளும் கருகிப் போகும். அனுமதி பெறாமல் காப்புக்காட்டுக்குள் மருந்தோடு நுழையவே கூடாது.

அடையாளம் தெரியாமல் அரிவாளை எடுப்பதும் அடிக்கடி நடக்கிறது. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டையாக இருக்கும். காய் மணி கோத்ததுபோல் இடையிடையே இறுகியிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீளமான கதிர். வன்னிக்கும் கதிர்தான் என்பதால் அங்கே முள்ளைப் பாருங்கள்: வன்னியின் சிறு முட்கள் கிளையில் சிதறிக் கிடக்கும், சீமைக் கருவேலத்துக்குக் கணுவில் இருக்கும். பூவும் காயும் இல்லாத பருவத்தில் சந்தேகம் வந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள்.

பெரும்பாலும் வேலை கெடுவது தூரில்தான். சீமைக் கருவேலத்தை வெட்டிப்போட்டால் மண்ணுக்கடியில் உள்ள மொட்டுகளிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். மறுநாள் வந்து வெட்டுவாயில் மருந்து தடவிப் பயனில்லை. அதற்குள் வெட்டுவாய் காய்ந்துவிடும். தரையை ஒட்டி வெட்டி, மரத்தூளைத் துடைத்து, சில நிமிடங்களுக்குள் பட்டைக்கு உட்புற வளையத்தில் தூரிகையால் தடவ வேண்டும். மருந்து வேருக்கு இறங்கும் வழி அந்த வளையம்தான். நடுவைரம் உயிரற்றது, அங்கே ஊற்றுவது வீண். இலையில் அடித்திருந்தால் இதற்கு நேர்மாறாகப் பொறுமை வேண்டும். வாடத் தொடங்கியதுமே வெட்டினால் வேர் தப்பித்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் இலை சுருண்டு நிற்கும் செடியில் அடித்தாலும் மருந்து உள்ளே இறங்காது. மழைக்குப் பின் தழைத்திருக்கும் காலமே ஏற்றது.

கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைக் கலங்கல் நீரில் கலக்காதீர்கள். களிமண் துகள் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரில் உள்ள சுண்ணமும் அதன் வீரியத்தைக் குறைக்கும். வேகம் கூட்டுவதாக நினைத்துச் சிலர் கல்லுப்பு சேர்க்கிறார்கள். அந்த உப்பு மண்ணில் தங்கி, பிறகு நாம் நடும் கன்றையும் வாட்டும். கிளைபோசேட்டைப் பதிவு பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாகவே பயன்படுத்த வேண்டும் என்று 2022இல் மத்திய அரசு கட்டுப்படுத்தியதையும் பலர் கவனிப்பதில்லை. காற்றடிக்கும் நேரத்தில் 2,4-டி என்னும் களைக்கொல்லியைத் தெளிப்பது பெரிய கேடு. பருத்தி அதன் சிறு சாரலையும் தாங்காது. திருமங்கலம் பக்கக் கரிசலில் பக்கத்துப் புஞ்சைக்காரரின் பாடு பாழாகும். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். யாராவது தெரியாமல் குடித்தால் அதன் நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது.

தண்ணீர் நிற்கும் கண்மாயில் எனக்குக் களைக்கொல்லியே வேண்டாம். பல கலவைகளில் சேர்க்கப்படும் ஒட்டுப்பொருள் தவளைக் குஞ்சுகளைக் கொல்லும். வண்டியூர்க் கண்மாயில் ஆனாலும் வைகையில் ஆனாலும், மருந்தடித்த ஆகாயத்தாமரை அங்கேயே மூழ்கி அழுகும். நீரில் உயிர்வளி குறைந்து மீன் செத்து மிதக்கும். சேற்றில் கிடக்கும் விதையோ பல ஆண்டுகள் கழித்தும் முளைக்கும். ஆகாயத்தாமரையை வாரிக் கரையேற்றுவதே வழி. கண்மாயின் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பரப்பில், நிற்கும் சீமைக் கருவேலத்தையும் வறண்ட காலத்தில் வேரோடு பெயர்த்தெடுப்பதே நல்லது.

தூர் செத்தவுடன் வேலையை முடித்துக்கொள்வது கடைசித் தவறு. ஆடும் மாடும் சீமைக் கருவேலத்தின் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பிக்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் இளகியிருக்கும்போது நாற்றுகள் கையோடு வந்துவிடும். அப்போது மருந்தே தேவையில்லை. பிடுங்கிய குழியிலேயே அந்த மழைக்குள் ஒரு வன்னியையோ நாட்டுக் கருவேலத்தையோ ஊன்றிவிடுங்கள். ஆடு கடிக்காமல் முள்வேலியும் போடுங்கள்.