புத்தக எழுத்துரு வரைய: ‘ண’வில் தொடங்குங்கள்

எழுத்துரு வரைய உட்காருகிற பலர் முதலில் ‘அ’வை எடுத்துக்கொள்கிறார்கள். வளைவும் சுழியும் உள்ள எழுத்து, கை தானாகவே அங்கே போகும். நான் மூன்று சுழி ‘ண’வை எடுப்பேன். கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் எழுத்து அது. அதன் சுழிகளுக்குள் வெள்ளை அடைபடாத தடிமன் எதுவோ, அதுதான் எழுத்துரு முழுவதற்கும் சாதாரணத் தடிமன். ‘ட’வை வைத்து முடிவுசெய்தால் ஏமாந்துபோவோம். இரண்டே கோடு, எவ்வளவு தடிமனையும் தாங்கும்.

அடுத்து ட, ப, ம, க, ன, த, ர, ல, கால் (ா), புள்ளி. இவை வந்ததுமே மண்டபம், கப்பல், தகரம், வரிவரியாக என்ன சொல் அமைகிறதோ அதையெல்லாம் 10 பாயின்டில் அச்செடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்ப்பது வளைவைத் திருத்த உதவும்; எழுத்து படிக்க வருகிறதா என்பதைத் தாள்தான் சொல்லும்.

புள்ளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் முதல் எழுத்துருவில், மென்பொருளில் எழுத்தை வரையும் 1000 அலகு சதுரத்தில் புள்ளிக்கு 75 அலகு விட்டம் கொடுத்தேன். திரையில் அடக்கமாக, அழகாக இருந்தது. 10 பாயின்டில் அது கால் மில்லிமீட்டர்தான். அச்சாகி வந்த தாளில் சில இடங்களில் ‘ம்’ வெறும் ‘ம’வாக நின்றது. தமிழில் புள்ளி போனால் சொல்லே போய்விடும். இப்போது 115 அலகுக்குக் குறைத்து வைப்பதில்லை. வளையப் புள்ளி வேண்டுமென்றால் இன்னும் பெரிதாக வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் மை அடைத்துக்கொள்ளும். எல்லா எழுத்துக்கும் நட்டநடுவில் வைத்துவிடவும் கூடாது. ‘ண்’ணில் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினால்தான் கண்ணுக்கு நடுவாகத் தெரிகிறது.

அப்புறம் ‘ர’வும் காலும். ‘வாரம்’ என்று அடித்துப் பாருங்கள், இரண்டும் ஒட்டி நிற்கும். ‘ர’வின் வால் தெளிவாகக் கீழே இறங்கட்டும், கால் நேராக நிற்கட்டும். பழைய அச்சில் ர், ரி, ரீ மூன்றும் வால் இல்லாமலும் வரும். நான் வாலை விடமாட்டேன். படிப்பவர் ஒரு கணம்கூடத் தயங்கக் கூடாது.

உகர, ஊகார வரிசைக்குக் குறுக்குவழி கிடையாது. 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 எழுத்து, ஒவ்வொன்றையும் தனியாக வரைய வேண்டும். டி, டீ இரண்டும் அப்படியே. பழைய நூல்களை மறுபதிப்புச் செய்பவர்கள் பயன்படுத்துவார்கள் என்றால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா போன்ற 13 வடிவங்களையும் மாற்று வடிவமாக ஓபன்டைப் எழுத்துருக் கோப்பில் சேர்த்துவையுங்கள்.

வரி இடைவெளிக்கு ஒரே சோதனை போதும்: மேல் வரியில் ‘பூ’, அதற்கு நேர் கீழே ‘மீ’. இரண்டும் முட்டாமல் இருந்தால் சரி.

சாதாரணத் தடிமன் ஒரு முழுப் பக்கத்தில் சீரான சாம்பலாகத் தெரியும்வரை போல்டைத் தொடாதீர்கள். போல்டில் ‘ண’வை அகலப்படுத்தியே ஆக வேண்டும், கிடைக்கோடுகளை நெடுக்கோடு அளவுக்குத் தடிக்கவிடக் கூடாது. இடைப்பட்ட தடிமன்களை மென்பொருளே உருவாக்க வேண்டுமென்றால், சாதாரணம், போல்ட் இரண்டிலும் எழுத்தின் வெளிக்கோட்டில் உள்ள கணுக்களின் எண்ணிக்கையும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். சாய்வெழுத்தைக் கடைசியில் பார்க்கலாம். 8 பாகை சாய்த்தால் போதும், ஆனால் சாய்த்ததும் சுழிகள் நசுங்கும், அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

கடைசியாக 16 பக்கம் கதையை அச்சடித்து, எழுத்துருவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் ஒருவரிடம் கொடுங்கள். எந்த வரியைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது என்று மட்டும் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். அந்த வரிகளிலிருந்து அடுத்த வாரத் திருத்தத்தைத் தொடங்கலாம்.