மலைப்பாதையில் கோடை நெடும்பயணம்: சைக்கிள் குழுவுக்குச் சில கணக்குகள்

வரைபடத்தை விரித்ததும் எல்லோரும் கிலோமீட்டரைத்தான் எண்ணுவார்கள். மலையில் முதலில் பார்க்க வேண்டியது ஏறப்போகும் உயரம். சமவெளியில் 100 கிலோமீட்டரை அலுப்பில்லாமல் ஓட்டுகிறவரையும், 1,500 மீட்டர் ஏற்றம் உள்ள 60 கிலோமீட்டர் பாதை துவள வைத்துவிடும். பைகளோடு ஏறும்போது நடுத்தர பலம் உள்ளவர் மணிக்குச் சுமார் 400 மீட்டர் உயரம் ஏறுவார். 1,200 மீட்டர் ஏற்றம் என்றால் மிதிக்கும் நேரமே மூன்று மணி. நிற்பது, சாப்பிடுவது, பஞ்சர் பார்ப்பது எல்லாம் சேர்ந்தால் நாலரை மணி ஆகிவிடும். குழுவில் யார் மெதுவாக ஏறுவாரோ அவருடைய வேகத்தில்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும். சராசரி எடுத்தால் அவர் மாலையில் தனியாக மலையில் நிற்பார். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே முழுச் சுமையோடு அடுத்தடுத்து இரண்டு நாள் ஒரு நீண்ட ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் நாள் காலை எப்படி ஏறுகிறார்களோ அதுதான் உண்மையான வேகம்.

கியரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் இருந்தால் போதும் என்பது சுமை இல்லாதவர் பேச்சு. ஆளும் வண்டியும் பையும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 சதவீதச் சரிவில் பலருக்கும் மணிக்கு ஐந்தரை, ஆறு கிலோமீட்டருக்கு மேல் போகாது. அந்த வேகத்தில் 34-க்கு 34 என்றால் நிமிடத்துக்கு 45 மிதிதான் விழும். ஒவ்வொரு மிதியும் முழங்காலை அழுத்தும், மூன்றாம் நாள் வலி தொடங்கிவிடும். முன்னால் 30, பின்னால் 40 போட்டால் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 1.6 மீட்டர் நகரும். அதே வேகத்தில் 60 மிதி கிடைக்கும். பெரிய கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) போடும்போது பின் டிரெயிலியர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) அதைத் தாங்குமா என்று பார்த்து, செயினையும் அதற்கேற்ற நீளத்தில் மாற்றுங்கள். செயின் குட்டையாக இருந்தால் பெரிய பல்லுக்கு ஏறும்போது டிரெயிலியரையே பிய்த்துவிடும்.

குழு என்றால் ஒட்டி ஓட்ட வேண்டும் என்பதில்லை. ஏற்றத்தில் வேகம் குறைவு, காற்றுத் தடையும் குறைவு. ஒருவர் பின்னால் ஒருவர் ஒண்டிப் போவதில் லாபமே இல்லை. அடுத்தவர் வேகத்துக்கு இழுபட்டால் பலமுள்ளவருக்கும் பலமில்லாதவருக்கும் சேர்ந்தே களைப்பு வரும். அவரவர் வேகத்தில் ஏறட்டும். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் முன்னால் போகிறவர் நின்று, பின்னால் வருகிறவர் கண்ணில் பட்ட பிறகே நகர வேண்டும். உச்சியில் எல்லோரும் சேர்ந்த பிறகே இறக்கம். கடைசியில் வருபவர் நிதானமான, பழகிய ஆளாக இருக்கட்டும். கருவிப் பையும் முதலுதவிப் பையும் அவரிடம்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் வண்டி கெட்டவர் எப்போதும் பின்தங்கித்தான் நிற்பார்.

விடியும்போதே புறப்பட்டு நண்பகலுக்கு முன் கணவாயைத் தாண்டிவிடுங்கள். கோடையில் பள்ளத்தாக்கு வெயில் ஒரு காரணம், பிற்பகல் இடிமழை இன்னொரு காரணம். இடிச் சத்தம் கேட்டால் உச்சியில் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். கீழே சந்திக்கும் இடத்தைக் காலையிலேயே பேசி வைத்திருங்கள். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கினால் விரல்கள் விறைத்து பிரேக் பிடிக்க வராது. காற்றுத் தடுக்கும் மெல்லிய மேல்சட்டையும் முழுவிரல் கையுறையும் கோடையிலும் வேண்டும்.

தண்ணீர் மணிக்கு 500 முதல் 750 மில்லி, கடும் வெயிலில் அதற்கு மேலும் தேவைப்படும். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றலும் குமட்டலும் வரும்; உப்பும் சேர வேண்டும். பசிக்கும்வரை காத்திருக்காமல் அரைமணிக்கு ஒருமுறை எதையாவது மெல்லுங்கள். மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போனால் மாலைவரை தாங்கும். வெயிலில் ஒருவர் குழறிப் பேசினாலோ தள்ளாடினாலோ உடனே நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

2,500 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. தலைவலியோடு குமட்டல் வந்தால் மேலே ஏறுவதை நிறுத்துங்கள். நேர்க்கோட்டில் நடக்க முடியவில்லை, ஓய்வில் இருக்கும்போதே மூச்சு முட்டுகிறது என்றால், இரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும். அவரைத் தனியாக மட்டும் அனுப்பாதீர்கள்.

விபத்து பெரும்பாலும் இறக்கத்தில்தான். அதே 100 கிலோ வண்டியை 8 சதவீதச் சரிவில் 30 கிலோமீட்டர் வேகத்திலேயே பிடித்து வைத்திருந்தால், பிரேக் 400 வாட்டுக்கு மேல் வெப்பத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும். ரிம் பிரேக்கில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். எண்ணெய் டிஸ்க் பிரேக்கில் எண்ணெய் கொதித்து, நெம்புகோல் ஹாண்டில்பார் வரை தொய்ந்து வரும். அதனால் தொடர்ந்து உரசிக்கொண்டே இறங்காதீர்கள். நேர்ப்பாதையில் நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்றே கொஞ்சம் வேகத்தைக் குறைக்கும். கொண்டை ஊசி வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழையும்போது விட்டுவிடுங்கள். உள்பக்கப் பெடல் மேலே, பார்வை வளைவின் முடிவில். ஆளுக்கு ஆள் மூன்று விநாடி இடைவெளி வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் அதுவே 42 மீட்டர். நீண்ட இறக்கத்தில் பாதியில் நின்று பிரேக்கை ஆறவிடுங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள்.

ஆறு பேருக்கு இரண்டு பம்பு, செயின் கருவி ஒன்று, ஸ்போக் சாவி ஒன்று, கிழிந்த டயருக்கு உள்ளே வைக்கத் தடித்த துண்டு இரண்டு போதும். டியூப் ஆளுக்கு இரண்டு. டியூப்லெஸ் வைத்திருப்பவரும் ஒன்றாவது எடுக்க வேண்டும். பிரேக் பேடு ஆளுக்கு ஒரு ஜோடி. செயின் இணைப்புக் கண்ணி, பின்னால் 10, 11, 12 பல்சக்கரம் உள்ள வண்டிகளுக்கு வெவ்வேறு என்பதால், குழுவில் உள்ள ஒவ்வொரு வகைக்கும் இரண்டு எடுங்கள். பின் டிரெயிலியர் மாட்டும் ஹாங்கர் வண்டிக்கு வண்டி மாறும்; அவரவருடையதை அவரவரே கொண்டுவர வேண்டும். பின் சக்கரத்தில் கேசட் பக்க ஸ்போக் உடைந்தால் கேசட்டைக் கழற்றாமல் மாற்ற முடியாது. கேசட் கழற்றும் கருவியும் சரியான நீள ஸ்போக்கும் இருந்தால்தான் பயன்.

தினமும் மாலையில், களைப்பு அசத்தும் முன், பத்து நிமிடம் வண்டியைப் பாருங்கள். ஸ்போக்குகளை ஜோடி ஜோடியாக விரலால் பிடித்து அழுத்தினால் தளர்ந்தது கையில் தெரியும். கேரியர் போல்ட்டை முறுக்குங்கள், டயரில் குத்திய கண்ணாடிச் சில்லைப் பிடுங்குங்கள், பிரேக் பேடில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். மறுநாள் நீண்ட இறக்கம் இருந்தால், பாதிக்கு மேல் தேய்ந்த பேடை அன்றிரவே மாற்றிவிடுங்கள்.