பழைய இரும்புப் பட்டையில் ஒரு களைக்கருவி

காரைக்குடிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், நம் செம்மண் காய்ந்துவிட்டால் களைக்கொத்தி உள்ளே இறங்காது. குனிந்து கொத்தியே இடுப்பு போய்விடும். இதைச் செய்து பாருங்கள்.

பழைய இரும்புக் கடையில் ஓர் அங்குல அகலம், 3 மி.மீ. தடிமனில் ஒன்றேகால் அடிப் பட்டை வாங்குங்கள். கொல்லுப் பட்டறையில் காய்ச்சி, ‘ப’ வடிவில் வளைத்து, மேலே இருக்கும் இரு முனைகளையும் நீளமான மரக்காம்பில் போல்ட் போட்டு முடுக்கச் சொல்லுங்கள். காம்புதான் கைப்பிடி, கீழே மூடிய பக்கம்தான் வெட்டும் பக்கம். அதன் இரு விளிம்பையும் அரத்தால் தீட்டுங்கள். இந்தக் கூர்மைதான் முக்கியம். மழுங்கினால் களையை இழுக்குமே தவிர வெட்டாது.

மழை பெய்த மறுநாள், மண் ஒட்டாத பதத்தில், நின்றபடியே முன்னும் பின்னும் இழுத்தால் போதும். இரண்டு மூன்று இலை விட்ட களை வேர்ப்பக்கம் அறுந்து வெயிலில் வாடிவிடும். மிளகாய், கத்தரிப் பாத்திக்கு அருமையான கருவி.

கோரைக்கு மட்டும் சரிவராது, கிழங்கிலிருந்து மறுபடி முளைக்கும். அதைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். அப்புறம், நிலக்கடலையில் விதைத்த 45 நாளுக்கு மேல் இழுக்காதீர்கள், காய் பிடிக்க மண்ணில் இறங்கும் விழுது அறுந்துவிடும்.