உலக உள்ளரங்கத் தடகளம்: பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

2018 மார்ச், பர்மிங்ஹாம். உலக உள்ளரங்கத் தடகளப் போட்டியில் ஆண்கள் 400 மீட்டர் தகுதிச் சுற்று. மூன்றாவது ஹீட்டில், அதாவது மூன்றாவது குழு ஓட்டத்தில், ஐந்து பேர் ஓட வந்தார்கள். ஐந்து பேருமே தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். ஒருவர் துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்பே கிளம்பிவிட்டார். மற்ற நால்வரும் தங்களுக்கு ஒதுக்கிய தடத்தின், அதாவது லேனின், கோட்டை மிதித்தவர்கள். அந்த ஹீட்டிலிருந்து அடுத்த சுற்றுக்குப் போக ஓர் ஆள்கூட மிஞ்சவில்லை.

இறுதிப் போட்டி அதைவிட மோசம். ஸ்பெயினின் ஆஸ்கர் ஹுசியோஸ் 44.92 விநாடியில் முதலாவதாக வந்து, கொடியும் கையுமாகக் கொண்டாடினார். கொஞ்ச நேரத்தில் அவர் பெயரும், இரண்டாவதாக வந்த டொமினிகன் குடியரசின் லுகுவெலின் சாண்டோஸின் பெயரும் பட்டியலிலிருந்து காணாமல் போயின. இருவருமே லேன் கோட்டைத் தாண்டி மிதித்திருக்கிறார்கள். மூன்றாவதாக ஓடி முடித்த செக் வீரர் பாவெல் மஸ்லாக்குக்குத் தங்கம் போனது.

"கோட்டை மிதித்ததற்கா இவ்வளவு?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். திறந்தவெளி மைதானத்தை மனதில் வைத்துக்கொண்டு உள்ளரங்கப் போட்டியைப் பார்ப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதிக்கு மேல் இதன் பிள்ளைகள்.

திறந்தவெளி ஓடுபாதை ஒரு சுற்றுக்கு 400 மீட்டர். உள்ளரங்கில் அது 200 மீட்டர்தான். அதாவது 400 மீட்டர் ஓட்டத்துக்கு இரண்டு சுற்று, நான்கு வளைவு. வளைவு சிறியதாக இருப்பதால் வேகமாக ஓடுபவரின் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். அதை ஈடுகட்டத்தான் பாதையை வளைவில் சாய்த்துக் கட்டுகிறார்கள். அதிகபட்சம் 15 பாகை வரை சாய்க்கலாம். ஒரு லேனின் அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்தச் சாய்வில், அந்த வேகத்தில், இடது காலைக் கோட்டுக்கு இப்புறமே வைத்துக்கொண்டு போவது லேசான காரியமில்லை. கோட்டுக்கு உள்ளே கால் வைத்தால் ஓடும் தூரம் குறைகிறது, அதனால்தான் தண்டனை.

இப்போது விதி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. வளைவில் இடப்பக்கக் கோட்டை ஒரே ஒரு முறை தொட்டால் உடனே வெளியே அனுப்புவதில்லை. அந்த வீரரின் பெயரில் குறித்துவைத்துக்கொள்வார்கள். அதே ஓட்டத்திலோ அடுத்த சுற்றிலோ மறுபடி தொட்டால் அப்போது போய்விடுவார். ஆகவே ரீப்ளேயில் ஒரு கால் கோட்டில் படுவதைப் பார்த்ததும் "அவ்வளவுதான், போச்சு" என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஓரத்து லேனைப் பார்த்துப் பரிதாபப்படுவது

திறந்தவெளியில் நடு லேன்கள்தான் நல்லவை என்று பழகிவிட்டோம். உள்ளரங்கில் 400 மீட்டருக்கு ஆறாவது லேனில் நிற்பவரைப் பார்த்து "பாவம், ஓரமாகப் போட்டுவிட்டார்களே" என்பார்கள். கதை நேர்மாறானது. ஐந்தும் ஆறும்தான் எல்லோரும் கேட்டு வாங்க விரும்பும் லேன்கள். வேகமானவர்களுக்கு அவற்றைத்தான் ஒதுக்குகிறார்கள். வெளி லேனில் வளைவு கொஞ்சம் தளர்வாக இருக்கும், வேகத்தைக் குறைக்காமல் திரும்பலாம். முதல் லேனில் இருப்பவருக்கோ இருப்பதிலேயே இறுக்கமான வளைவு.

இன்னொன்று, முதல் சுற்று மட்டும்தான் அவரவர் லேனில். இரண்டாவது வளைவு முடிந்ததும் எல்லோரும் உள்பக்கம் வெட்டி வரலாம். வெளி லேனில், சாய்வின் மேலே இருப்பவருக்கு அது சரிவில் இறங்குகிற மாதிரி. அந்த இடத்தில் யார் முன்னால் நுழைகிறாரோ அவரைத் தாண்டுவது கடினம். நேர்ப் பாதை குட்டையாக இருப்பதால் முந்துவதற்கு இடம் கிடைக்காது. வளைவில் முந்தப் போனால் கூடுதல் தூரம் ஓட வேண்டும். ஆகவே கடைசி நூறு மீட்டரில்தான் சுவாரசியம் என்று முதல் சுற்றின்போது போனை நோண்டிக்கொண்டிருந்தால், பாதி ஓட்டம் உங்களுக்குத் தெரியாமலே முடிந்துவிட்டிருக்கும். 2024இல் கிளாஸ்கோவில் நெதர்லாந்தின் ஃபெம்கே போல் 49.17 விநாடியில் உலக உள்ளரங்கச் சாதனை படைத்த ஓட்டத்தைத் திரும்பப் பார்த்தால் இது விளங்கும்.

லேன் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 200 மீட்டர் ஓட்டத்தின் கதியே சாட்சி. அந்த ஓட்டம் முழுக்க லேனிலேயே நடக்கும். எந்த லேன் கிடைத்தது என்பதே முடிவைத் தீர்மானித்துவிடுகிறது என்பதால் 2004 புடாபெஸ்ட் போட்டியோடு அதைக் கைவிட்டார்கள். "200 மீட்டர் எப்போது?" என்று அட்டவணையில் தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இல்லை, வராது. வட்டு, ஈட்டி, சங்கிலிக் குண்டு ஆகியவையும் கிடையாது. கூரைக்குள் அவற்றுக்கு இடமில்லை. எறிதலில் குண்டு எறிதல் ஒன்றுதான்.

60 மீட்டரை 100 மீட்டரின் துண்டு என்று நினைப்பது

உசைன் போல்ட் 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடியபோது 60 மீட்டரை ஏறக்குறைய 6.31 விநாடியில் கடந்தார் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கிறிஸ்டியன் கோல்மன் 2018இல் அல்புகர்கியில் ஓடிய உள்ளரங்கச் சாதனை 6.34. "அப்படியானால் போல்ட்தானே சாதனையாளர்?" என்ற வாதம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் தலைகாட்டும். இடையில் எடுத்த நேரம் சாதனை ஆகாது. 60 மீட்டர் ஓட்டம் என்றால் அங்கே ஒரு முடிவுக்கோடு இருக்க வேண்டும், அந்தக் கோட்டில் உடம்பின் மார்புப் பகுதி தொடும் கணத்தை அளந்திருக்க வேண்டும். போல்ட் ஓடியது திறந்தவெளியில், முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் காற்றும் இருந்தது. அரங்குக்குள் காற்று உதவாது, தடுக்காது. அதனால் காற்றின் வேகத்தை யாரும் அளப்பதும் இல்லை.

சாதனை என்று எதை ஏற்பார்கள் என்பதில் கோல்மனே அடிபட்டிருக்கிறார். 6.34க்குச் சில வாரங்கள் முன்பு கிளெம்சனில் அவர் 6.37 ஓடியிருந்தார். அதுவே அப்போதைய சாதனையைவிட வேகம். ஆனால் தொடக்கக் கட்டைகளில் மின்னணுக் கருவி பொருத்தப்படாததால் அந்த நேரம் சாதனையாக ஏற்கப்படவில்லை. துப்பாக்கி வெடித்து 0.100 விநாடிக்குள் கால் அழுத்தம் மாறினால் அது முன்கூட்டிய கிளம்பல். அதைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லாமல் அந்தத் தூரத்தில் சாதனை பேச முடியாது.

60 மீட்டர் தனி ஓட்டம் என்பதால்தான் 100 மீட்டர் சாம்பியன்தான் இங்கேயும் வெல்வார் என்று அடித்துச் சொல்வதும் தவறாகிறது. நோவா லைல்ஸ் 2023இல் 100, 200 இரண்டிலும் உலக சாம்பியன். அடுத்த மார்ச்சில் கிளாஸ்கோவில் 60 மீட்டரில் கோல்மன் 6.41 ஓட, லைல்ஸ் 6.44இல் இரண்டாவது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் 100 மீட்டர் தங்கம் லைல்ஸுக்கு. அவருடைய பலம் கடைசி நாற்பது மீட்டரில் இருக்கிறது, உள்ளரங்கில் அந்த நாற்பது மீட்டரே இல்லை. கோல்மனின் பலம் முதல் முப்பதில்.

அப்புறம் முடிவுப் பலகையில் இரண்டு பேருக்கும் ஒரே நேரம் இருந்தால் சமநிலை என்று நினைக்கக்கூடாது. 2022 பெல்கிரேட் உலக உள்ளரங்கப் போட்டியின் 60 மீட்டரில் மார்செல் ஜேக்கப்ஸ் 6.41, கோல்மன் 6.41. ஆனால் தங்கம் ஜேக்கப்ஸுக்கு. முடிவுக்கோட்டில் எடுத்த படத்தில் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்த்தபோது வித்தியாசம் 0.003 விநாடி.

60 மீட்டர் தடை ஓட்டத்தில் தடைகள் ஐந்து மட்டுமே. ஒன்றில் கால் இடறினால் சரிக்கட்ட நேரமில்லை. இவ்வளவு தெரிந்தால் போதும், அந்தப் பதற்றம் தானாக வரும்.

"உள்ளரங்கச் சாதனைதானே" என்று ஒதுக்குவது

எனக்குக் கோபம் வருகிற தவறு இதுதான். கூரைக்குள் செய்தது இரண்டாம் தரம் என்ற எண்ணம் எப்படியோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோலூன்றித் தாண்டுதலில் செர்கேய் புப்கா 1993இல் டோனெட்ஸ்க் அரங்குக்குள் 6.15 மீட்டர் தாண்டினார். திறந்தவெளியில் அவருடைய உச்சம் 1994இல் செஸ்ட்ரியேரேவில் தாண்டிய 6.14. அன்றைய விதிப்படி இரண்டும் தனித்தனிச் சாதனைகள். பிறகு விதி மாறியது. கூரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உலக சாதனை உலக சாதனைதான். 2014இல் அதே டோனெட்ஸ்க்கில் ரெனோ லவியெனி அரங்குக்குள் தாண்டிய 6.16 முழு உலக சாதனையாகவே ஏற்கப்பட்டது.

2022 பெல்கிரேடில் இது இரண்டு முறை நடந்தது. மும்முறைத் தாண்டுதலில் வெனிசுவேலாவின் யூலிமார் ரோஹாஸ் டோக்கியோ ஒலிம்பிக்கில் தான் தாண்டிய 15.67 மீட்டரை விஞ்சி 15.74 தாண்டினார். அது உள்ளரங்கச் சாதனை மட்டுமல்ல, உலக சாதனையும்கூட. அதே பெல்கிரேடில் கோலூன்றித் தாண்டுதலில் ஸ்வீடனின் மோண்டோ டுப்ளாண்டிஸ் 6.20 தாண்டி முதல் தடவையாக அந்த உயரத்தைத் தொட்டார். ஓட்டங்களில் மட்டும்தான் நிலைமை வேறு. 200 மீட்டர் பாதையில் 800 மீட்டர் ஓடுவதும் 400 மீட்டர் பாதையில் ஓடுவதும் ஒன்றல்ல, அதனால் அந்தக் கணக்குகள் தனியாகவே இருக்கின்றன. அமெரிக்காவில் 300 மீட்டருக்கு மேல் நீளமான உள்ளரங்கப் பாதைகளும் உண்டு. அங்கே ஓடிய நேரத்தை உள்ளரங்கச் சாதனையோடு வைத்து ஒப்பிடுவதும் சரியில்லை.

பெல்கிரேடைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. குண்டு எறிதலில் ரயன் கிரவுசர் ஒலிம்பிக் சாம்பியன், உள்ளரங்க, திறந்தவெளிச் சாதனைகள் இரண்டும் அவர் கையில். தங்கம் எடுத்தது பிரேசிலின் டார்லன் ரொமானி: 22.53 மீட்டருக்கு எதிராக கிரவுசர் 22.44. 1500 மீட்டரில் யாகோப் இங்கெபிரிக்ட்சன், முந்தைய மாதம்தான் உள்ளரங்க உலக சாதனை படைத்தவர், எத்தியோப்பியாவின் சாமுவேல் டெஃபேராவிடம் தோற்றார். மார்ச் மாதத்தில் எல்லோரும் உச்ச நிலையில் இருப்பதில்லை. சிலருக்கு இது கோடைக்கான பயிற்சியின் நடுவில் வரும் போட்டி, சிலருக்கோ ஆண்டின் முக்கிய இலக்கே இதுதான். பெயரை வைத்து யூகிக்காமல், அந்தக் குளிர்காலத்தில் அவர் என்ன ஓடினார், என்ன எறிந்தார் என்று பாருங்கள்.

பெயர், ஆண்டு, எண்ணிக்கை

ஹெப்டத்லான் என்றதும் பெண்கள் போட்டி என்று தோன்றும். திறந்தவெளியில் அது சரி. உள்ளரங்கில் ஹெப்டத்லான் ஆண்களுக்கானது. இரண்டு நாளில் ஏழு போட்டிகள்: 60 மீட்டர், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், உயரம் தாண்டுதல்; மறுநாள் 60 மீட்டர் தடை ஓட்டம், கோலூன்றித் தாண்டுதல், 1000 மீட்டர். 2012 இஸ்தான்புல்லில் ஆஷ்டன் ஈட்டன் 6645 புள்ளிகளோடு உலக சாதனை படைத்தது இதில்தான். பெண்களுக்கு ஒரே நாளில் முடியும் பென்டத்லான், அதாவது ஐந்து போட்டிகள். புள்ளிகளைத் திறந்தவெளி ஹெப்டத்லானோடு ஒப்பிட்டு "குறைவாக இருக்கிறதே" என்று எழுதுவதை நிறைய இடங்களில் பார்க்கிறேன்.

ஆண்டுக் கணக்கிலும் குழப்பம் உண்டு. 1985இல் பாரிஸில் உலக உள்ளரங்க விளையாட்டுகள் என்ற பெயரில் நடந்தது. உலக சாம்பியன்ஷிப் என்ற பெயரில் முதல் போட்டி 1987இல் இண்டியானாபொலிஸ். ஒற்றைப்படை ஆண்டுகளில் போய்க்கொண்டிருந்ததை, கோடைகால உலகப் போட்டியோடு மோதாமல் இருக்க, 2003க்கு அடுத்து 2004 என்று மாற்றினார்கள். 2020இல் நடக்க வேண்டிய நான்ஜிங் போட்டி கொரோனாவால் தள்ளித் தள்ளி, கடைசியில் 2025 மார்ச்சில் நடந்தது. அதனால்தான் 2024 கிளாஸ்கோவுக்கு அடுத்த ஆண்டே ஒன்று. ஒற்றைப்படை ஆண்டில் நடக்கும் ஐரோப்பிய உள்ளரங்கப் போட்டியை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதும் உண்டு.

ஒரு நாட்டிலிருந்து ஒரு தனிநபர் போட்டிக்கு வழக்கமாக இரண்டு பேர்தான். உள்ளரங்கச் சுற்றுத் தொடரை வென்றவருக்கு வைல்டு கார்டு, அதாவது தனி அனுமதி, கிடைத்தால் மூன்றாமவர் வரலாம். நீங்கள் எதிர்பார்த்த ஆள் பட்டியலில் இல்லையென்றால் காயம் என்று முடிவுகட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தொடர் ஓட்டம். நான்கு பேர் ஆளுக்கு 400 மீட்டர் ஓடும் 4x400இல் எல்லோர் கண்ணும் முன்னால் ஓடுபவர் மேல்தான் இருக்கும். நான் பேட்டன் என்ற கோலைக் கைமாற்றும் இடத்தைப் பார்ப்பேன். அடுத்து ஓட வேண்டியவர்கள் தங்கள் அணி வரும் வரிசைப்படி உள்ளிருந்து வெளியே நிற்க வேண்டும். இடமோ கொஞ்சம், வருகிறவர்களோ களைத்து, கண் மங்கி வருவார்கள். ஒருவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவரையும் இழுத்துக்கொண்டுதான் விழுவார். ஓட்டம் முடிந்ததும் நடுவர்கள் திரையில் திரும்பத் திரும்பப் பார்ப்பது பெரும்பாலும் பேட்டன் மாற்றும் அந்த இருபது மீட்டரைத்தான். பலகையில் முடிவு உறுதியாகும் வரை சேனலை மாற்றாதீர்கள், ஹுசியோஸும் கொடியோடு அந்த நேரத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தார்.