லேபிள் இல்லாத கியர் மோட்டார்: என்ன வகை, எத்தனை வோல்ட்?

காரைக்குடியில் பழைய சாமான் என்றாலே முனீஸ்வரன் கோயில் தெருவும் தேக்குத் தூணும்தான் எல்லோருக்கும் நினைவு வரும். எனக்கோ பழைய இரும்புக் கடையில் சாக்கோடு கிடக்கும் சின்ன கியர் மோட்டார்கள் (வேகத்தைக் குறைக்கப் பல்சக்கரம் சேர்த்த மோட்டார்கள்) மேல்தான் கண். விலை மலிவு, ஆனால் ஸ்டிக்கர் இருக்காது. எத்தனை வோல்ட் என்றால் கடைக்கார அண்ணனும் கையை விரிப்பார். வோல்ட், ஓம்ஸ் (மின்தடை) அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் நாமே கண்டுபிடிக்கலாம். அதுவரை பிளக்கில் மட்டும் சொருகிவிடாதீர்கள்.

1. ஒயரை எண்ணுங்கள். ஐந்து என்றால் பெரும்பாலும் ஸ்டெப்பர், அதாவது படிப்படியாக நகரும் மோட்டார். ஸ்பிளிட் ஏசியில் காற்றுத் தடுப்பை ஆட்டுவது இதுதான். செல் கொடுத்தால் சுற்றாது, அதை இயக்கும் டிரைவர் போர்டு வேண்டும். இரண்டு என்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

2. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து அளந்து பாருங்கள். முக்கியமான இடம் இதுதான். டிசி மோட்டார் என்றால் பெரும்பாலும் சில ஓம்ஸ், மிஞ்சினால் சில பத்து ஓம்ஸ் காட்டும். ஷாஃப்டை (வெளியே நீட்டும் தண்டை) மெல்லத் திருகினால் எண் ஆடும், உள்ளே சுருளுக்குக் கரண்ட் கொடுக்கும் பிரஷ் தொடும் இடம் மாறுவதால். (திரும்பவில்லையா? திருகாணி போன்ற வார்ம் கியராக இருக்கலாம். முறுக்கினால் பல் போய்விடும், விட்டுவிடுங்கள்.) எண் ஆடாமல் ஆயிரக்கணக்கில் நின்றால், 230 வோல்ட் ஏசி சிங்க்ரனஸ் மோட்டாராக (கரண்டின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ற ஒரே வேகத்தில் சுற்றுவது) இருக்க வாய்ப்பு அதிகம். மைக்ரோவேவ் அவனில் தட்டைச் சுற்றுவது இந்த இனம். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5 சுற்று. கொலு பொம்மை சுழற்ற அருமையான வேகம். ஆனால் 21 வோல்ட் அவன் மோட்டாரும் உண்டு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதனால் ஓம்ஸ் நூற்றுக்கணக்கில் இருந்தால் 230 பக்கமே போகாதீர்கள்.

3. டிசி என்று தெரிந்ததா? 1.5 வோல்ட் செல்லை ஒவ்வொன்றாகத் தொடரில் சேர்த்துக்கொண்டே போங்கள். மஞ்சள் பிளாஸ்டிக் மோட்டார் 3 முதல் 6 வோல்ட்டுக்குள் நன்றாக ஓடும். 12 வோல்ட் மோட்டார் 3 வோல்ட்டில் ஊர்ந்துதான் போகும். ஐந்து நிமிடம் ஓடவிட்டுத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, விரல் வைக்க முடியாவிட்டால் வோல்ட்டைக் குறையுங்கள்.

அப்புறம் அடாப்டர். வோல்ட்டை ஓம்ஸால் வகுத்தால், ஷாஃப்ட் சிக்கி நின்றால் எவ்வளவு இழுக்கும் என்று தெரியும். 12 வோல்ட், 6 ஓம்ஸ் என்றால் 2 ஆம்பியர். அந்த அளவு தாங்குகிற அடாப்டராக வாங்குங்கள்.

4. ஷாஃப்டில் துண்டு டேப் ஒட்டி, ஒரு நிமிடம் சுற்றை எண்ணுங்கள். வேகமாகச் சுற்றினால் போனில் ஸ்லோ மோஷன் எடுத்து எண்ணலாம். சரி, எண்ணியதும் வோல்ட், சுற்று, ஓம்ஸ் மூன்றையும் மார்க்கரால் மோட்டார் மேலேயே எழுதிவிடுங்கள்.